கறுப்பு டேப்புக்கு அடியில்

விளக்கை அணைத்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. திரைக்குக் கீழே, இடது மூலையில், கடுகளவு சிவப்பு.

அவன் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். வெளியே மத்தியான வெயில் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. இந்த அறைக்குள் மட்டும் எப்போதும் நடுராத்திரி. சன்னல் கிடையாது. நாலு சுவரிலும் பஞ்சுப் பலகை, அதன்மேல் கறுப்புத் துணி, தரையில் கறுப்புக் கம்பளம், கதவின் நான்கு விளிம்பிலும் ரப்பர் பட்டை. கதவை இழுத்துச் சாத்தினால் 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்டு அடங்கும். அதோடு தெருவும், பக்கத்து வீட்டு நாயும், சமையலறைக் குழாயும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். வீட்டுக்குள்ளே தியேட்டர் கட்டிக் கொடுப்பது அவன் தொழில். இது அவன் தனக்கென்று கட்டியது. புதிதாகக் கேட்டு வருகிறவர்களுக்குக் காட்டுவதும் இதைத்தான். "ஒரு சத்தம் உள்ள வராது சார், ஒரு சத்தம் வெளிய போகாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக் காட்டுவான். வந்தவர்கள் காதைத் தேய்த்துக்கொண்டு சிரிப்பார்கள்.

இருட்டு என்றால் முழு இருட்டு. ஆம்ப்ளிஃபயரில் மினுக்கும் நீலம், ஸ்பீக்கரில் ஒரு பச்சை, எந்த மெஷினில் எந்தப் புள்ளி எரிந்தாலும் சரி, கறுப்பு டேப்பைக் கிழித்து அதன் தலையில் ஒட்டிவிட வேண்டும். இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். அதற்காகவே சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு டேப் சுருள் வைத்திருப்பான்.

ஆனால் இந்தச் சிவப்பு எந்த மெஷினுடையதும் இல்லை. அது பெல் விளக்கு. அக்கா படுக்கையில் கிடந்த நாட்களில் அவளுக்காகப் பொருத்தியது. அவள் கட்டிலில் பட்டனை அமுக்கினால் இங்கே சிவப்பு எரியும். அவள் போனபிறகு அவனே அதன் பிளக்கைப் பிடுங்கிப்போட்டான். பட்டனிலிருந்து பேட்டரியையும் எடுத்துவிட்டான். அதற்கப்புறம் இந்த அறைக்குள் அவன் காலே வைக்கவில்லை. நாளைக்கு ஒரு டாக்டர் குடும்பத்தோடு வந்து அறையைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்காவிட்டால் இன்றைக்கும் வைத்திருக்க மாட்டான்.

விளக்கைப் போட்டான். வெளிச்சத்தில் அந்தப் புள்ளி தெரியவில்லை. சரிதான், திரை வெளிச்சம் எதிலாவது பட்டுத் தெறித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் திரை அப்போது எரியவே இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

முதலில் மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வெளியே வந்தான். அதுதான் இன்றைக்கு அவன் வேலை. ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். நேற்று ராத்திரியிலிருந்து சளியும் இளைப்பும். மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள், இன்றைக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"அப்பப்ப எட்டிப் பாருங்க. மூச்சு இழுத்தா இன்ஹேலர் பம்ப் குடுங்க. பம்ப்ப அவ கைக்கு எட்டற எடத்துலயே வைங்க, எங்கயாவது கொண்டுபோய் வெச்சுடாதீங்க. அப்புறம், அந்த ரூமுக்குள்ள போய் உக்காந்துடாதீங்க, சொல்லிட்டேன்."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

"சின்னப் புள்ளையா இருந்தா நான் இவ்வளவு பயப்பட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா இருந்திருந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

மகள் அக்காவின் அறையில்தான் படுத்திருந்தாள். அந்த அறைதான் வீட்டிலேயே வெதுவெதுப்பானது. மருந்தும் வலித் தைலமும் கலந்த அந்த வாடை இன்னும் போகவில்லை. எத்தனை தடவை துடைத்தாலும் கட்டில் மரத்துக்குள்ளிருந்து அது மறுபடி கசிந்து வந்துவிடும். குழந்தை கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். நெஞ்சில் மெல்லிய விசில் சத்தம்.

"சிட்டு, தூங்கலையா?"

"அத்தை வந்தாங்கப்பா."

அவன் அவள் நெற்றியில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. "கனவு கண்டிருப்பே."

"இல்ல. டார்ச்ச இப்படித் தட்டினாங்க." அவள் தன் உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள். டக், டக்.

அக்காவின் டார்ச் அப்படித்தான். அதன் உள்ளே ஏதோ தளர்ந்துபோயிருந்தது. இரண்டு தட்டுத் தட்டினால்தான் எரியும். ஊரில் இருந்த சினிமா தியேட்டர் ஒன்றில் இருட்டில் டார்ச் அடித்து இருக்கை காட்டுவதுதான் அவள் வேலை. படம் தொடங்கிய பிறகு வருகிறவர்களை வாசலில் எதிர்கொண்டு, 'டக் டக்' என்று தட்டி, அவர்கள் காலடியில் வெளிச்சத்தை விட்டு வரிசைவரிசையாகக் கூட்டிப் போவாள். அங்கே எல்லோருக்கும் அவள் டார்ச்சக்கா. "மூஞ்சில அடிச்சா மரியாதை இல்லடா. காலடியில அடிக்கணும். வர்றவன் தன் காலப் பாத்துக்கிட்டே வந்துடுவான், நாம யாருன்னுகூட அவனுக்குத் தெரிய வேண்டாம்" என்பாள். அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தது அவள்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தியேட்டருக்குத்தான் வருவான். அந்த வட்ட வெளிச்சத்துக்குள் தன் காலை வைத்து வைத்து நடந்து, காலியாக இருக்கிற இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்வான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லி மகளை நிமிர்த்தி உட்காரவைத்து, பம்ப்பை ஒரு அழுத்து அழுத்திக் கொடுத்தான். அவள் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு கன்னத்தை உப்பிக் காட்டினாள். விசில் கொஞ்சம் அடங்கியது. அவள் கால் சில்லென்றிருந்தது. பம்ப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலமாரியில் துழாவினான். ஜோடி கிடைக்கவில்லை, கைக்குக் கிடைத்ததில் ஒன்று மஞ்சள் சாக்ஸ், இன்னொன்று நீலம்.

"ஐயே, அப்பாவுக்கு சாக்ஸ்கூட போடத் தெரியல!" என்று அவள் இரண்டு காலையும் ஆட்டிச் சிரித்தாள்.

"ஃபேஷன்டி. பேசாம படு."

கட்டில் தலைமாட்டில் அந்த வெள்ளைப் பட்டன் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிப் போடக்கூட அவனுக்குத் தைரியம் வந்திருக்கவில்லை. சிட்டு அதை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இத அமுக்கினா நீங்க வருவீங்களா?"

"அது வேலை செய்யாதுடா. உள்ள பேட்டரி இல்ல." மூடியைத் திறந்தும் காட்டினான். காலிதான். "ஏதாவதுன்னா கூப்பிடு. ஓடி வந்துடறேன்."

"கத்தினா கேக்குமா?"

"கேக்கும், கேக்கும்."

கதவைத் திறந்தே வைத்திருப்போமே, கேட்காமல் எங்கே போகும் என்றுதான் சொன்னான். அப்போது அது பொய்யில்லை.

திரும்ப அறைக்குள் வந்தவன் மண்டியிட்டுக் குனிந்து திரைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தான். பெல் விளக்கின் வயர், அவன் சுருட்டிப் போட்டபடியே தூசு படிந்து கிடந்தது. பிளக் வெறும் தரையில். எழுந்து போய் விளக்கை அணைத்தான்.

சிவப்பு எரிந்தது.

சும்மா மினுக்கவில்லை. நிதானமாக, விட்டுவிட்டு, ஒரு விரல் பட்டனை அமுக்கி அமுக்கி எடுப்பதுபோல எரிந்தது.

மின்சாரம் எங்காவது தேங்கி நிற்கும், ஈரத்தில் ஏதாவது கசியும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிற சமாதானம் ஒவ்வொன்றையும் தனக்கே சொல்லிப் பார்த்தான். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. உள்ளே கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அதை ஒதுக்கிவிட்டு டேப்பை எடுத்தான். பல்லால் ஒரு துண்டு கிழித்தான். மண்டியிட்டு அதை அந்தச் சிவப்பின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான்.

தேய்த்த பிறகுதான் உறைத்தது. இதே இடம். இதே விரல். அன்றைக்கும் இப்படித்தான் செய்தான்.

அன்றைக்கு மனைவியும் மகளும் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அக்காவுக்கு இதயம் பலவீனம், எழுந்து நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டிருந்தார்கள். வாழ்க்கை முழுக்க நின்றே பழகியவள் படுத்துக் கிடந்தால் சும்மா இருப்பாளா? தலையணையை நகர்த்து, ஃபேனைக் குறை, தண்ணி குடு, அந்த ரேடியோவை அணை, சரி போடு என்று எதற்கெடுத்தாலும் பட்டன்தான். ஒரு படத்தையாவது ஒழுங்காகப் பார்க்க விட்டதில்லை. அன்று மாத்திரை கொடுத்துவிட்டு, "கொஞ்ச நேரம் படம் பாக்கறேன்க்கா" என்றான்.

"போ, போ, உன் குகைக்குப் போ. பக்கத்துல ஒருத்தன் சிரிக்காம அதுக்குப் பேரு படமாடா?"

"பக்கத்துல ஒருத்தன் போன்ல பேசுவான், பின்னாடி ஒருத்தன் கதை சொல்லுவான், முன்னாடி ஒருத்தன் மலை மாதிரி உக்காந்திருப்பான். எனக்கு வேண்டாம்க்கா அந்தக் கூட்டம்."

"கூட்டம்தான்டா காவல். எங்க தியேட்டர்ல ஒருத்தருக்கு நெஞ்சு வலிச்சு சீட்லயே சாஞ்சுட்டாரு. நான் பாத்துட்டு ஓடிப்போய்ப் படத்தையே நிறுத்தச் சொன்னேன். லைட்டப் போட்டு, ஆளத் தூக்கி, பொழச்சிக்கிட்டாரு தெரியுமா? எல்லாரும் படத்தப் பாப்பாங்க, நான் எல்லாரையும் பாப்பேன். உன் ரூம்ல யாரு இருக்கா பாக்க?"

"சரி தாயே. ஏதாவதுன்னா பெல்ல அமுக்கு."

"அமுக்கினா உடனே வருவியா, இல்ல இண்டர்வெல் விட்டாத்தான் வருவியா?"

அவன் சிரித்துக்கொண்டே போனான். போய் உட்கார்ந்தான். கதை சூடு பிடித்த இடத்தில், இடது மூலையில் சிவப்பு எரிந்தது. எழுந்து போனான். போர்வையை இழுத்துவிடச் சொன்னாள். திரும்ப வந்தான். வந்ததும் டேப்பைக் கிழித்தான். ஒரே ஒரு படம், முழுசாக, அவ்வளவுதான், குடியா முழுகிவிடும் என்று நினைத்துக்கொண்டு அந்த விளக்கை மூடினான்.

படம் முடிந்து டேப்பை உரித்தபோது உள்ளே சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. எப்போதிலிருந்து எரிந்ததோ. படத்தின் ஆரம்பத்திலா, முடிகிற சமயத்திலா? அதுதான் அவனை அரித்துத் தின்றது. அக்காவின் விரல் பட்டன்மேல் அழுந்தியபடியே விறைத்திருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது. மனைவியிடம், "பெல் அடிக்கவே இல்ல. தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றான். அவள் அழுதுகொண்டே, "அந்த மட்டும் கஷ்டப்படாம போனாங்களே" என்றாள். அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, யாராவது அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவான். அண்டை அயலார் பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள். மனைவியும் அப்படித்தான் நினைத்தாள்.

இப்போது டேப்பின்மேல் விரலை வைத்தபடி அவன் மூச்சு வாங்கினான். உரித்துவிடலாமா என்று தோன்றியது. உரித்தால் அது அவனைப் பார்க்கும். வேண்டாம். வந்த வேலையை முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று எழுந்து புரொஜெக்டரைப் போட்டான்.

டாக்டருக்குக் காட்டுவதற்கென்று ஒரு காட்சி எடுத்து வைத்திருந்தான். காட்டில் மழை, நல்ல இருட்டு, தூரத்தில் ஒருத்தன் லாந்தரோடு நடக்கிறான். ஆனால் திறந்த கதவு வழியாகக் கூடத்து வெயில் ஒரு கீற்றாகத் திரையில் விழுந்து காட்டை வெளுக்கடித்தது. இப்படிப் பார்த்தால் கறுப்பு கறுப்பாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அவன் கதவருகில் போய்க் காது கொடுத்தான். சத்தமில்லை. தூங்கிவிட்டாள் போல. ரெண்டே நிமிஷம்.

கதவைச் சாத்தினான். புஸ்.

முன்வரிசை நாற்காலியில் சாய்ந்தான். சுற்றிலும் மழை பெய்தது. முதலில் முன்னால், பிறகு இரு பக்கமும், பிறகு தலைக்கு மேலே இலைகளில் சொட்டுச்சொட்டாக; ஈர மண் மிதிபடும் சத்தம் இடமிருந்து வலம் போனது, லாந்தரின் கம்பி கிறீச்சிட்டது, எங்கோ ஆழத்தில் இடி உருண்டு நாற்காலியின் அடியில் வந்து அதிர்ந்தது. எல்லாம் கச்சிதம். தொழிலில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. கொஞ்சம் தோளைத் தளர்த்தினான்.

பின்னால் 'டப்' என்றது.

அந்தச் சத்தம் அவனுக்கு அத்துப்படி. ஆள் எழுந்ததும் பழைய தியேட்டர் இருக்கை தானாக மடிந்து முதுகில் அடிக்கிற சத்தம். அவன் அறையில் இருப்பவை பஞ்சு வைத்த சாய்வு நாற்காலிகள். அவை மடியாது.

திரும்பிப் பார்க்கவில்லை. படத்தில் ஏதாவது மரம் முறிந்திருக்கும். ஒலியைக் குறைத்தான். மழை தள்ளிப் போனது. அந்த இடைவெளியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள், அடக்கமாக, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவில்லாமல். அப்புறம் ஒரு வாடை. பினாயில், ஊறிய கம்பளம், பழைய ஏசியின் சில்லிப்பு, அதோடு துருப்பிடித்த பேட்டரி. அதற்கும் அடியில், மெலிதாக, வலித் தைலம்.

அவன் கண் தானாக இடது மூலைக்குப் போனது.

டேப்பின் வழியாகச் சிவப்பு தெரிந்தது. டார்ச்சை உள்ளங்கையால் பொத்தினால் விரல்களுக்கு நடுவே ரத்தச் சிவப்பாக ஒளிருமே, அப்படி.

எழுந்து ஓடினான். கதவுக்கு அல்ல. மூலைக்கு. சட்டைப்பையில் கையை விட்டான்; மறுபடியும் அந்தக் கட்டி தட்டுப்பட்டது, ஒதுக்கினான், டேப்பைக் கிழித்தான். ஒன்றின்மேல் ஒன்று. இன்னொன்று. இன்னும் ஒன்று. ஒட்ட ஒட்ட அது அடியில் வேகமாகத் துடித்தது. விட்டுவிட்டு எரிந்தது போய் இப்போது படபடவென்று அடித்துக்கொண்டது, அடக்கமாட்டாமல் அழுகிற குழந்தையின் விம்மல் போல.

"அக்கா" என்றான். குரல் பஞ்சுச் சுவரில் விழுந்து செத்தது. "அக்கா, தெரியும்க்கா. நீ கூப்பிட்டே. எனக்குத் தெரியும்."

பின்னால் எல்லாம் அமைதியானது.

"வேணும்னு பண்ணல. சத்தியமா வேணும்னு பண்ணல. ஒரு படம் முழுசாப் பாக்கணும்னு ஒரு சனியன் புடிச்ச ஆசை. நீ போர்வைக்குத்தான் கூப்பிடறேன்னு நெனச்சேன். நெனக்கக்கூட இல்ல, மூடிட்டேன். என்னைப் பெத்த மாதிரி வளத்தே. நான் உன்னை டேப் போட்டு மூடிட்டேன்." அவன் அப்படியே தரையில் சரிந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதது குடலைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது. "அவகிட்ட பொய் சொன்னேன்க்கா. பெல் அடிக்கலன்னு சொன்னேன். இன்னிக்கு சொல்லிடறேன். அவ வந்ததும் சொல்லிடறேன். என்னை விட்டுடு. இப்படிப் பாக்காத."

சிவப்பு துடித்தது. துடித்தது. துடித்தது.

மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, இன்னும் என்னதான் வேண்டும் என்று அவனுக்கு ஆத்திரம்கூட வந்தது. பார்க்கப் பிடிக்காமல் அதற்கு முதுகைத் திருப்பிக்கொண்டான். கண்ணை இறுக மூடினான். காதையும் பொத்தினான். மழை மட்டும் எங்கோ பெய்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தானோ தெரியாது. அழுது தீர்ந்ததும் ஒரு நிம்மதிகூட வந்தது. சொல்லிவிட்டோம், அவள் கேட்டிருப்பாள் என்றிருந்தது.

கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தான்.

மூலை இருட்டாக இருந்தது. சிவப்பு இல்லை. டேப்பின் அடியில் எதுவுமே இல்லை.

"அப்பாடா" என்றான். எழுந்து தள்ளாடி நாற்காலியில் விழுந்தான். சட்டை முழுக்க வேர்வை. முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடிச் சட்டைப்பைக்குள் கையை விட்டான். டேப் சுருள் தீர்ந்து வெறும் அட்டை வளையம்தான் இருந்தது. அதன் பக்கத்தில் அந்தக் கட்டி.

எடுத்தான். இருட்டில் விரலால் தடவினான். வழவழப்பு. வளைந்த வாய். மேலே அழுத்துகிற இடம்.

பம்ப்.

ஒரு நொடி அது என்னவென்றே அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் மகள் கேட்டது காதில் வந்து நின்றது. 'இத அமுக்கினா நீங்க வருவீங்களா?' பேட்டரி இல்லாத பட்டன். பிளக் இல்லாத விளக்கு. அக்கா தனக்காகவா எரித்தாள்? எல்லாரும் படத்தப் பாப்பாங்க, நான் எல்லாரையும் பாப்பேன். ஐயோ. எத்தனை தடவை எரிந்தது. எத்தனை டேப் ஒட்டினான்.

"சிட்டு!"

கத்தினான். வாய் மட்டும்தான் திறந்தது. எழப் பார்த்தான். நாற்காலி விடவில்லை, கால் இரண்டும் கல்லாகிவிட்டிருந்தன.

பின்னால், கதவுப் பக்கம், 'புஸ்'.

கூடத்து வெயில் உள்ளே வரவில்லை.

டக், டக்.

அவன் தோளைத் தாண்டி ஒரு வட்ட வெளிச்சம் கம்பளத்தில் விழுந்தது. மஞ்சளடித்த, பழைய வெளிச்சம். அது யார் முகத்திலும் படவில்லை. தரையோடு தரையாக, பொறுமையாக, நடைவழியில் ஊர்ந்து வந்தது. பின்னால் செருப்பு உரசுகிற சத்தம், சரக், சரக், வாழ்க்கை முழுக்க இருட்டில் நடந்து பழகிய கால். பின்வரிசையிலிருந்து இறங்கும் படி இருக்கிற இடத்தில் வட்டம் நின்றது. பின்னால் வருகிறவர் பார்த்து இறங்கட்டும் என்று காத்திருந்தது.

வெளிச்சத்துக்குள் ஒரு சின்னக் கால் வந்து படியில் பதிந்தது.

மஞ்சள் சாக்ஸ்.

அடுத்தது நீலம்.

அவன் பம்ப்பை நீட்டினான். அது கை நழுவி எங்கோ விழுந்து உருண்டது. வட்டம் அவன் வரிசைக்குள் திரும்பி, அவன் கால்களைக் கடந்து, பக்கத்து நாற்காலியின் முன்னால் நின்றது. கால்கள் அதற்குள் கவனமாக அடியெடுத்து வைத்து வந்தன, வெளிச்சத்துக்கு வெளியே ஒரு விரல்கூடப் போகாமல். நாற்காலி லேசாக அமுங்கியது.

திரையில் மழை பெய்தது. அந்த விசில் சத்தம் கேட்காதா என்று அவன் தன் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்தான். பக்கத்து நாற்காலியிலிருந்து எந்த மூச்சும் வரவில்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் நகராமல் அங்கேயே நின்றது; அதற்குள் மஞ்சளும் நீலமுமாக இரண்டு கால்கள் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தன.